தெளிந்த நீரெல்லாம் தூய நீராகுமா?

கோயம்புத்தூரின் கிழக்குப் புறத்தே, திருச்சி சாலையின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கிறது சிங்காநல்லூர். 1981-ஆம் ஆண்டு கோவை மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைந்த ஊர் இது. பஞ்சாலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, அதே ஒலியைக் கேட்டு உலை வைத்த தலைமுறை ஒன்று இங்கே வாழ்ந்தது. ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டன. வார்ப்படச் சாலைகளும் பம்புசெட்டுப் பட்டறைகளும் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே, அண்மை ஆண்டுகளில் புதியதொரு காட்சியையும் காண்கிறோம். உயர்ந்த சுற்றுச்சுவர், உள்ளே இரண்டடுக்கு இல்லம், இல்லத்தின் பின்புறத்தில் நீலநிற ஓடு பதித்த சிறியதொரு நீச்சல் குளம்.

"நீச்சல் குளமா! அது செல்வந்தர்களின் விளையாட்டு; நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். சற்றுப் பொறுங்கள்.

வளைகுடா நாடுகளில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துத் திரும்பும் நம் சகோதரர்கள் வீட்டுக்குள்ளேயே குளம் அமைப்பதற்கு ஆடம்பரம் மட்டுமே காரணம் அன்று. பொதுக்குளங்களுக்குச் செல்ல நம் பெண்மக்கள் தயங்குகிறார்கள். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் குளங்களோ மிகச் சில. சுற்றுச்சுவருக்குள் ஒரு குளம் இருந்தால் வீட்டுப் பெண்களும் சிறுமியரும் கூச்சமின்றி நீந்தப் பழகலாம். அது நியாயமான விருப்பமே. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பெருநாள் விடுமுறையில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பண்ணை வீடொன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிறோம். பிள்ளைகள் காலை முதல் மாலை வரை அங்குள்ள குளத்திலேயே கிடக்கிறார்கள். அந்த நீரை யார், எப்போது, எவ்வாறு சுத்தம் செய்தார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆகவே இக்கட்டுரை குளம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. அக்குளத்தில் தம் பிள்ளைகளை இறக்கும் எல்லாப் பெற்றோருக்கும் உரியது. பள்ளிவாசல் ஹவுளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள ஜமாஅத்தார்க்கும் இதில் சில செய்திகள் உண்டு.

மூடியைத் திறந்தபோது...

சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. இல்லத்தின் பின்புறம் 24 அடி நீளம், 12 அடி அகலத்தில் குளம். நீரைப் பார்த்தால் அடித்தளத்து ஓட்டின் இடுக்கு கூடத் தெரியும், அத்தனை தெளிவு. ஆயினும் பிள்ளைகளுக்கு அடிக்கடி கண் சிவந்தது, காது வலித்தது. கடைசிப் பையனுக்கு வயிற்றுப்போக்கு இரண்டு முறை வந்து போனது. வெளிச் சாப்பாடு, வெயில், தூசி என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டப்பட்டன. குளத்தின் மீது மட்டும் யாருக்கும் ஐயம் எழவில்லை. வாரந்தோறும் ஆள் வந்து சுத்தம் செய்கிறாரே! ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேறு இருக்கிறதே!

அந்த ஆள் செய்த வேலை யாதெனில், வலையால் இலைகளை அள்ளுவது, ஒரு டப்பா பொடியைத் தூவுவது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது. பதினைந்து நிமிடம். வடிகட்டியின் மூடி மூன்று ஆண்டுகளாகத் திறக்கப்படவேயில்லை என்பது பின்னரே தெரிய வந்தது.

பம்புப் பட்டறையில் பல்லாண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குளப் பராமரிப்புக்கு வந்த பெரியவர் ஒருவரை வீட்டுக்காரர் அழைத்து வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன். அவர் முதலில் மோட்டாரை நிறுத்தினார். காற்றுத் திருகைத் திறந்து உள்ளிருந்த அழுத்தத்தை வெளியேற்றினார். அழுத்தமானியின் முள் சுழியத்துக்கு வந்த பிறகே மூடியின் பட்டையைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்த நாங்கள் திகைத்துப்போனோம். மணல், மணலாக இல்லை. வியர்வைப் பிசுக்கும் எண்ணெயும் உப்பும் சேர்ந்து, காய்ந்துபோன கருப்பட்டிப் பாகைப் போல ஒரே கட்டியாக இறுகியிருந்தது. நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து.

"தண்ணிக்குச் சோம்பல் அதிகமுங்க பாய். எங்கே வழி சுலபமோ அங்கேதான் போகும். மூணு வருசமா உங்க தண்ணி இந்தப் பொந்து வழியாத்தான் போயிட்டு வந்துருக்குது. மணலைத் தொடவே இல்லைங்க" என்றார் அவர்.

வடிகட்டி ஓடியது, மின்கட்டணம் ஏறியது, நீர் மட்டும் வடிகட்டப்படவில்லை. அவ்வாறாயின் நீர் எப்படித் தெளிவாக இருந்தது? நிறைய மருந்து கொட்டப்பட்டதால் பாசி பிடிக்கவில்லை; கண்ணுக்குத் தெரியும் தூசி அடியில் படிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாதவை நீரிலேயே இருந்தன.

மணல் செய்யும் மாயம்

நம் வீட்டு மூதாட்டியர் கலங்கிய ஆற்று நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்ப்பார்கள். சிறிது நேரத்தில் கலங்கல் திரண்டு அடியில் படியும். இன்றைய பராமரிப்பாளர் படிகாரத்தையோ அது போன்ற மருந்தையோ நீரில் கலந்து செய்வதும் இதே வேலைதான். மிக நுண்ணிய தூசிகள் தனித்தனியே இருந்தால் மணலின் இடுக்கு வழியே நழுவிவிடும். ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் மணலில் சிக்கிக்கொள்ளும்.

மணலால் நீரை வடிகட்டி ஊருக்கே வழங்கும் முறை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1804-லும், லண்டனின் செல்சியில் 1829-லும் அத்தகைய வடிகட்டிகள் அமைந்தன. அவற்றின் அருமையை உலகுக்கு உணர்த்தியது 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைத் தாக்கிய காலரா. எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த அந்நகரில் 8,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பின் வரும் அதே ஆற்று நீரைத்தான் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டி எடுத்தது. ஆல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. எல்லைத் தெருவின் ஒரு பக்கத்தில் சாவு, மறு பக்கத்தில் நலம்! நம் சென்னைக்கு 1872 முதல் செங்குன்றம் ஏரி நீர் வந்தபோதும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தது 1914-இல்தான்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆல்டோனாவிலும் கீழ்ப்பாக்கத்திலும் இருந்தவை மெதுவாக வடிகட்டுபவை. அவற்றின் மணற்பரப்பின் மேல் உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று வளர்ந்து கிருமிகளை உட்கொண்டுவிடும். வீட்டு நீச்சல் குளத்தின் வடிகட்டியோ மோட்டாரின் விசையால் நீரை விரைந்து தள்ளும் வகை. அத்தகைய படலம் அதில் வளர்வதற்கு வாய்ப்பில்லை. சாதாரண மணல் வடிகட்டி ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகள்களைப் பிடிக்கும். நம் தலைமுடியின் பருமனில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாக்களோ அதனினும் பன்மடங்கு சிறியவை. ஆகவே தூசியை அகற்றுவது மணலின் பணி; கிருமியைக் கொல்வது குளோரினின் பணி. மணல் தன் வேலையைச் செய்யாவிட்டால் குளோரின் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். கிருமிக்கு மிச்சம் இராது.

பேக்வாஷ் எனும் எதிரோட்டம்

வடிகட்டியைச் சுத்தம் செய்யும் முறை எளிது. எளிது என்பதாலேயே அலட்சியப்படுத்தப்படுகிறது. வழக்கமாக நீர் மேலிருந்து மணல் வழியே கீழே இறங்கும். அழுக்கு மணலில் தங்கும். நீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பிவிட்டால் மணல் குழம்பி எழும்; அழுக்கு கழன்று வெளியேறும். இதையே பேக்வாஷ் என்கின்றனர்.

எப்போது செய்வது? "வாரம் ஒருமுறை" என்று சொல்லிவிடுவது வசதி. சரியான விடை அதுவன்று. வடிகட்டியின் தலையில் இருக்கும் அழுத்தமானியே விடை சொல்லும். மணல் சுத்தமாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பேனாவால் குறித்து வையுங்கள். அதிலிருந்து 8 அல்லது 10 பி.எஸ்.ஐ. உயர்ந்தால் எதிரோட்டம் செலுத்த வேண்டும். அதற்கு முன்பே நாள்தோறும் செலுத்துவதும் தவறு. மணலில் சிறிதளவு அழுக்குத் தங்கியிருக்கும்போதுதான் அது மேலும் நுண்ணிய அழுக்கைப் பிடிக்கும். மிகையாகக் கழுவினால் நீரும் வீண், வடிகட்டலும் குறைவு.

செய்யும் வரிசையைப் பார்ப்போம். சகோதரிகளே, பராமரிப்பாளர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம். வீட்டு ஆண் ஒருவரையோ வளர்ந்த மகனையோ அருகில் நிற்கச் சொல்லியாவது இதைக் கவனிக்கச் செய்யுங்கள். முதலில் மோட்டார் நிறுத்தப்பட வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழியும். பின்னர் அழுக்கு நீர் சத்தமில்லாமல் குளத்துக்கே திரும்பும். நிறுத்தியபின் மோட்டாரின் முன்னால் உள்ள கூடையைத் திறந்து இலை, முடி, பூச்சிகளை அகற்ற வேண்டும். பின்பு கைப்பிடியைப் பேக்வாஷ் நிலைக்குத் திருப்பி மோட்டாரை ஓட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குமிழில் முதலில் பழுப்பு நீர் வரும். அது தெளியும் வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம், ஓடவேண்டும். மறுபடி நிறுத்தி, ரின்ஸ் நிலையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஓட்டி மணலைப் படியவிட வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். விட்டால், கலங்கிய மணலிலிருந்து முதலில் வரும் அழுக்கு நேரே பிள்ளைகள் நீந்தும் நீருக்குப் போகும்.

மணலுக்குப் பதிலாக மடிப்புத் தாள் போன்ற கார்ட்ரிட்ஜ் பொருத்திய குளங்களும் உண்டு. அவற்றுக்கு எதிரோட்டம் இல்லை. வெளியே எடுத்து ஒவ்வொரு மடிப்பாக மேலிருந்து கீழே குழாய் நீரால் கழுவ வேண்டும். கார் கழுவும் விசைக்குழாய் கூடாது, துணி பிய்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குப் போக முதலில் சோப்புக் கரைசல். உப்புப் படிவு போக அதன் பின்னரே அமிலம். வரிசை மாறினால் பிசுக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

உப்புத் தண்ணீரின் வேலை

கோவையில் நீரை இரண்டாகப் பிரித்துப் பேசுவோம். சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வருவது நல்ல தண்ணீர். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். குளத்தை நல்ல தண்ணீரால் நிரப்புவார் எவருமில்லை, நிரப்பவும் கூடாது. உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் வடிகட்டியின் மணலையும் கல்லாக்குகிறது. ஆகவே நம் பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மூடியைத் திறந்து மணலைக் கையால் தொட்டுப் பார்ப்பது அவசியம். விரல்களுக்கு இடையே உதிர்ந்தால் நன்று. பிடித்தால் கட்டியாக நின்றால், அதற்குரிய கரைசலை ஊற்றி ஓரிரவு ஊறவைத்துக் கழுவ வேண்டும். அதற்கும் மசியவில்லையெனில் மாற்றிவிட வேண்டியதுதான். பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் மணலை மாற்றுவது வழக்கம்.

மாற்றும்போது ஓர் ஏமாற்று நடப்பதுண்டு. கட்டடத்துக்கு வந்த எம்-சாண்டையோ ஆற்று மணலையோ சலித்துக் கொட்டிவிடுகிறார்கள். வடிகட்டிக்கு உரியது அரை மில்லிமீட்டர் அளவில் ஒரே சீராகத் தரம் பிரிக்கப்பட்ட சிலிக்கா மணல். எம்-சாண்டில் உள்ள கல்தூள் குளத்தைப் பால்போல் ஆக்கும். மணல் மூட்டையைப் பிரிக்குமுன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். மணலைக் கொட்டுவதற்கு முன் தொட்டியில் பாதி அளவு நீர் நிரப்பியிருக்க வேண்டும். இல்லையேல் அடியில் உள்ள கிளைக்குழாய்கள் மணலின் பாரத்தால் உடையும். குளத்தில் நீர் பாயும் வாயருகே மணல் குவிந்தால் கிளைக்குழாய் உடைந்ததென்று பொருள்.

மில்வாக்கியும் கராச்சியும்

வடிகட்டி தவறினால் என்ன நேரும்? 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நேர்ந்ததைப் பாருங்கள். அங்கிருந்த குடிநீர் நிலையங்கள் இரண்டில் ஒன்றின் வடிகட்டும் பணி பழுதுபட்டது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் நகரெங்கும் பரவியது. நோயுற்றோர் தொகை ஏறத்தாழ 4,03,000 என மதிப்பிடப்பட்டது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியோர் பலர் உயிரிழந்தனர். நீரில் குளோரின் இல்லாமல் இல்லை. இவ்வுயிருக்குக் கெட்டியான ஓடு உண்டு. நீச்சல் குளத்தில் இடும் அளவுக் குளோரினில் பத்து நாட்கள் வரை கூட உயிரோடிருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள ஒரு குழந்தை குளத்தில் இறங்கினாலே போதும். ஆகவே வயிற்றுப்போக்குக் கண்ட பிள்ளையை, குணமான பிறகும் இரண்டு வாரங்களுக்குக் குளத்தில் இறக்காதீர்கள். விருந்தினர் பிள்ளையானாலும் முகத்துக்கு அஞ்சாமல் சொல்லிவிடுங்கள்.

இதற்கு எதிர்மாறானது மற்றொன்று. நெக்லேரியா ஃபௌலெரி என்னும் அமீபா. இது குளோரினுக்கு அஞ்சும். குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் பெருகும். குடித்தால் தீங்கில்லை. மூக்கின் வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். தாக்கியவர்களில் பிழைத்தோர் மிக மிகச் சிலர். நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. வாளையாற்றைத் தாண்டிய கேரளத்தில் 2024-இல் பிள்ளைகள் சிலர் அமீபா மூளைக் காய்ச்சலால் இறந்தனர். அவ்வாண்டு ஜூலையில் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்து வீடு திரும்பியது பெருஞ்செய்தியாயிற்று; அத்தனை அரிது. 2025-இல் நோய் மேலும் பரவவே, கிணறுகளிலும் தொட்டிகளிலும் குளோரின் இடும் இயக்கத்தை அம்மாநில அரசு நடத்தியது.

கராச்சியில் 2008, 2009 ஆண்டுகளில் இந்நோயால் பாதிக்கப்பட்ட 13 பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய ஆய்வு நம் கவனத்துக்குரியது. அவர்கள் நீந்தியவர்கள் அல்லர். ஒளூச் செய்யும்போது மூக்கில் செலுத்திய குழாய் நீர் வழியாகவே அது ஏறியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர்.

இதைப் படித்துவிட்டு எவரும் ஒளூவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நீரைப் பராமரிப்பவர்தாம் விழிப்பாக இருக்க வேண்டும். நீரின் நிறம், சுவை, மணம் இம்மூன்றும் அசுத்தத்தால் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது நம் சட்ட நூல்கள் கற்பிக்கும் வழி. பத்து முழத்துக்குப் பத்து முழம் என்று பெரிய ஹவுளுக்கு அளவு சொன்ன ஹனஃபி அறிஞர்களும், இரண்டு குல்லத் என்று அளவு சொன்ன ஷாஃபிஈ அறிஞர்களும் வணக்கத்துக்குரிய தூய்மையைப் பற்றிப் பேசினார்கள். மருத்துவர் கேட்பது வேறொரு கேள்வி. நிறமும் சுவையும் மணமும் மாறாத நீரிலும் அவர் தேடுவது இருக்கலாம். ஒரு கேள்விக்கான விடையை மற்றொன்றுக்கும் விடையாகக் கொள்ள முடியாது. சில பள்ளிகளில் ஹவுளில் மீன் விட்டிருப்பார்கள். மீன் கொசுப்புழுவைத் தின்னும். அமீபாவுக்கு அது மருந்தாகாது. ஹவுளையும் மேல்நிலைத் தொட்டியையும் எப்போது கழுவினோம், குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பலகையில் எழுதி வைப்பது முத்தவல்லிகளுக்குச் சிரமமான வேலையன்று.

குளத்து நீருக்குத் தேவையான குளோரின், பத்து இலட்சம் பங்கு நீரில் ஒன்று முதல் மூன்று பங்கு. கூடவே பி.எச். எனப்படும் அமிலக் காரக் குறியீடு 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இருக்க வேண்டும். காரம் ஏறி எட்டரையைத் தொட்டால், இட்ட குளோரினில் பத்தில் ஒரு பங்குதான் கிருமியோடு வலுவாகப் போராடும். பணம் கொடுத்து வாங்கிய மருந்து சும்மா மிதக்கும். இரண்டையும் அளக்கச் சொட்டு மருந்துப் பெட்டி கடையில் கிடைக்கிறது. இன்னொரு செய்தி: குளத்தருகே சென்றதும் மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால், "நிறைய மருந்து போட்டிருக்கிறார்கள், நல்ல சுத்தம்" என்று மகிழாதீர்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து கெட்டுப்போன குளோரினின் நெடி அது. கண் சிவப்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். இறங்குமுன் பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் குளிக்கச் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

சுத்தம் செய்பவரின் உயிர்

இதுவரை நீந்துபவரைப் பற்றிப் பேசினோம். சுத்தம் செய்ய வருபவரும் ஒரு குடும்பத்தின் தந்தைதானே! அழுத்தம் இறங்காத வடிகட்டியின் பட்டையைக் கழற்றினால் மூடி பீரங்கிக் குண்டுபோல் பாயும்; உயிர் போன நிகழ்ச்சிகள் உலகில் உண்டு. குளோரினையும் அமிலத்தையும் ஒரே வாளியில் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இருவகைக் குளோரின் மருந்துகளை ஒன்றாகக் கொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். நீரில் மருந்தைச் சேர்க்க வேண்டுமேயன்றி, மருந்தின் மேல் நீரை ஊற்றக்கூடாது. வாசலில் நின்று, "சீக்கிரம் முடிப்பா" என்று நாம் விரட்டும்போதுதான் இந்த வரிசைகள் தவறுகின்றன.

குளத்தை ஒட்டி நிலத்தடியில் மூடிய தொட்டி இருந்தால், மூடியைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்காமலும் மேலே ஆள் நிற்காமலும் எவரையும் உள்ளே இறக்காதீர்கள். பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பம்பைத் தொட்டிக்குள்ளோ அதன் வாயருகிலோ ஓட்டக்கூடாது. அதன் புகைக்கு மணமில்லாத நஞ்சு உண்டு. மோட்டாருக்கும் நீரடி விளக்குக்கும் இ.எல்.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

குளத்தின் அடியில் நீரை உறிஞ்சும் வாய் ஒன்றிருக்கும். அதன் மூடி உடைந்திருந்தால் அன்றே குளத்தைப் பூட்டிவிடுங்கள். 2002-இல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, அத்தகைய வாயின் உறிஞ்சு விசையில் சிக்கி, தாய் இழுத்தும் மீளாமல் மூழ்கி இறந்தாள். மூடிகளின் வடிவத்துக்கென்றே அந்நாடு 2007-இல் அவள் பெயரில் சட்டம் இயற்றியது. வடிகட்டியைக் கழுவும் நாளில் பராமரிப்பாளரோடு சேர்ந்து இந்த மூடியையும் பார்த்துவிடுங்கள். மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்ச் எங்கிருக்கிறது என்பது வீட்டில் அனைவர்க்கும் தெரிந்திருக்கட்டும்.

கூலி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் முடிப்பவர் மலிவாகத்தான் வருவார். சிங்காநல்லூர்ப் பெரியவர் கேட்ட தொகை முந்தைய ஒப்பந்தத்தைவிட அதிகம். வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். பெரியவர் பேரம் பேசவில்லை. பழைய மணற்கட்டி ஒன்றை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அவர் கேட்டு வாங்கினார். தேதி, அழுத்தமானியின் அளவு, பேக்வாஷ் செய்த நிமிடங்கள், குளோரின், பி.எச். என ஐந்து பத்திகள் போட்டார். வாரந்தோறும் நிரப்புவது அவர் பணி. படித்துப் பார்ப்பது வீட்டாரின் பணி. நல்ல பராமரிப்பாளரை அடையாளம் காண இதைவிட எளிய வழியை நான் அறியேன். குறிப்பு எழுதத் தயங்குபவரிடம் வடிகட்டியை ஒப்படைக்காதீர்கள்.

கழுவிய நீர் எங்கே போகிறது?

இந்தக் குளத்தின் வடிகட்டியை ஒருமுறை மூன்று நிமிடம் எதிரோட்டத்தில் கழுவினால் ஏறத்தாழ 400 லிட்டர் நீர் வெளியேறுகிறது. 15 லிட்டர்க் குடத்தால் கணக்கிட்டால் 26 குடங்களுக்கும் மேல். அடுத்த தெருவில் குடிநீருக்காகக் குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கும் ஊர் இது. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க மனம் இடங்கொடுக்குமா?

சாக்கடையில் விடுவதில் வேறு தீங்கும் உண்டு. இப்பகுதியின் மழைநீர் வடிகால்கள் பல, நொய்யலையும் அதன் நீர் நிறைக்கும் சிங்காநல்லூர்க் குளத்தையும் நோக்கியே ஓடுகின்றன. அக்குளத்தை 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. நாரைகளும் நீர்க்காகங்களும் இறங்கும் நீர் அது. பாசியைக் கொல்ல நாம் இடும் மயில்துத்தம் அங்கே சென்றால் மீன்களையும் கொல்லும். குளோரினும் மீனுக்கு ஆகாது.

அந்த வீட்டில் இப்போது வெளியேறும் நீர் சுவரோரம் வைத்த ஐந்நூறு லிட்டர்த் தொட்டியில் விழுகிறது. மூடாமல் இரண்டு நாள் வெயிலில் விட்டால் குளோரின் பெரும்பகுதி அகன்றுவிடும். மயில்துத்தமும் அமிலமும் இட்ட வாரத்து நீரை அவர்கள் தனியே பிடித்து வீட்டின் கழிவுநீர்க் குழாயில் விடுகிறார்கள். மழைநீர் வடிகாலில் விடுவதில்லை. மற்ற வாரத்து நீர் பின்புறத்துத் தென்னைகளுக்குப் போகிறது. சென்ற வெள்ளிக்கிழமை நான் சென்றிருந்தபோது நோட்டுப் புத்தகத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் பெரியவர் அல்லர். வீட்டுக்காரரின் மூத்த மகள். அழுத்தமானியைப் பார்த்து 14 என்று எழுதினாள். மூடியில் பேனாக் குறி 12-இல் இருந்தது. "இன்னும் எட்டு நாளாவது தாங்கும், அத்தா" என்றாள்.